முத்தரசியின் கையில் ஒரு நட்சத்திரம்

உப்பளத்துக்குப் போகும் சாலையில், பேருந்து திரும்புகிற இடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு ஸ்டெல்லா டீச்சர். அவருக்கு அப்போது எட்டாம் மாதம். அந்த வெள்ளிக்கிழமையோடு பிரசவ விடுப்பில் போவதாக இருந்தார்.

அவர் இடத்துக்கு வந்தவர் அருணகிரி சார். உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர். அங்கே பிள்ளைகள் குறைந்து போனதால் மாற்றுப் பணி என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. ஸ்டெல்லாவின் அப்பா வயதிருக்கும்.

ஒரு வாரம் அவர் டீச்சரோடு இருந்து பார்க்க வேண்டும். அடுத்த திங்கள் முதல் இருபத்து மூன்று குழந்தைகளும் அவர் பொறுப்பு. பத்தாம் வகுப்பையே கட்டி மேய்த்தவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று அவருக்கு உள்ளூர எண்ணம். ஆனாலும் நல்ல மனிதர். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் கடைசி வரிசையில், முழங்காலுக்குக் கூட எட்டாத பெஞ்சில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதினார்கள். எழுதியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

"டீச்சர், ரீகன் மணல வாயில போடுறான்."

சொன்னவள் முத்தரசி. ரெட்டைச் சடை, முன்பல் இல்லாத வாய். அந்த வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

"அப்படியா? நீ என்ன சொன்னே?" என்றார் ஸ்டெல்லா.

"துப்புடான்னேன்."

"துப்பினானா?"

"பாதி துப்பினான் டீச்சர்."

ஸ்டெல்லா எழுந்து போய் மீதியைத் துப்ப வைத்துவிட்டு வந்தார். உட்காருவதற்குள் அடுத்த குரல் வந்தது.

"டீச்சர், நஸ்ரின் என்னையப் பாத்துச் சிரிக்கிறா."

"டீச்சர், பிரதீபன் எழுதாம சன்னலையே பாக்குறான்."

"டீச்சர், அந்த மேகம் போகவே மாட்டேங்குது."

எல்லாவற்றுக்கும் ஸ்டெல்லா திரும்பினார். மேகத்தைக் கூட எட்டிப் பார்த்தார். அருணகிரி சாருக்குத் தலை வலித்தது.

மாலையில் கேட்டார். "டீச்சர், எல்லாம் விளையாட்டாவே போகுதே. இவங்க எப்பதான் படிக்கிறாங்க?"

ஸ்டெல்லா தட்டுகளிலிருந்து மணலை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப படிக்கலன்னுதான் சார் எனக்குத் தெரியல. அப்படி ஒரு நேரம் இருந்தா கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கே."

இது என்ன பிரமாதம் என்று நினைத்தார் அவர்.

செவ்வாய்க்கிழமை இலை பொறுக்கி வந்து பிரித்து வைத்தார்கள். பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். பிரதீபன் மட்டும் இலையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்த பையன். சட்டையில் மேல் பித்தான் கிடையாது, அங்கே ஓர் ஊக்கு.

"கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர்," என்றார் அருணகிரி சார். "அவனைப் பாருங்க. அரை மணி நேரமா ரோட்டையே பாக்குறான்."

"அவனையே கேளுங்க சார்."

அவர் பக்கத்தில் போய் நின்றார். "என்னடா பாக்குற?"

"உப்பு லாரி சார். போறப்ப வேகமாப் போகுது. வர்றப்ப மெதுவா வருது."

"ஏன்?"

பிரதீபன் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். "வர்றப்ப உப்பு இருக்குல்ல சார்."

அருணகிரி சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்தப் பையனை அவருக்குப் பிடித்துப் போயிற்று. மறுநாள் அவனுக்கென்று ஒரு பித்தான் வாங்கி வந்தார். தைக்க ஊசி கொண்டு வரவில்லை. பித்தான் அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

புதன்கிழமை கடை வைத்து விளையாடினார்கள். மண் பருப்பு, இலை நோட்டு, தேங்காய்ச் சிரட்டைத் தராசு.

"டீச்சர், நஸ்ரின் கடையில எடை குறையுது," என்று வந்து நின்றாள் முத்தரசி.

"அப்ப ரீகன் கடையில வாங்கு."

"அவன் கடன் தர மாட்டேங்குறான் டீச்சர்."

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அருணகிரி சார் மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப சொல்லுங்க டீச்சர். சும்மா நடந்து வர்றாங்க. இதுல என்ன படிப்பு?"

"எப்படி நடக்குறாங்கன்னு பாருங்க."

பார்த்தார். வரிசையில் முன்னால் வந்த நாலைந்து பேர் ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் ஊன்றி, வயிற்றை முன்னே தள்ளி, காலை அகட்டி அசைந்து அசைந்து வந்தார்கள். கேலி ஒன்றும் இல்லை. முகமெல்லாம் அவ்வளவு தீவிரம். டீச்சர் நடப்பதே அப்படித்தான்.

அருணகிரி சார் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டெல்லாவும் சிரித்தார். அந்த வாரத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் சொல்லித் தரல சார்," என்றார் ஸ்டெல்லா. "எடுத்துக்கிட்டாங்க."

அன்று கடைசிப் பாடவேளையை அருணகிரி சார் கேட்டு வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை முதல் தன் வகுப்புதானே, ஒழுங்கை இப்போதே தொடங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"ஒண்ணுன்னு சொன்னா கையக் கட்டணும். ரெண்டுன்னு சொன்னா ஒரு விரல் உதட்டுல. நான் எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"இன்னொண்ணு. என் வகுப்புல யாரும் கோள் சொல்லக் கூடாது."

முத்தரசி எழுந்தாள். "கோள்னா என்ன சார்?"

"அடுத்தவங்க என்ன செய்றாங்கன்னு வந்து வந்து சொல்றீங்களே, அதுதான்."

அவள் யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ரீகனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஸ்டெல்லா பரிசோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். வகுப்பு முழு நாளும் அருணகிரி சாரிடம் இருந்தது. அன்றைய வேலை நிழல் அளப்பது. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள், அவர் ஒவ்வொரு நிழலையும் கயிற்றால் அளந்தார். யாரும் பேசவில்லை. நிழல் ஏன் குட்டையாகிறது என்று கூட யாரும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார் மந்திரம் போட்டீங்க, குண்டூசி விழுந்தா கேக்கும் போலிருக்கே," என்றார். அருணகிரி சாருக்கு உச்சி குளிர்ந்தது.

நாள் முழுக்க ஒரு கோள் கூடச் சொல்லாதவர் யார் என்று மாலையில் பார்த்தார். யாருமே சொல்லவில்லை. ஆனால் யாருக்கு அது அதிகக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். முத்தரசியைக் கூப்பிட்டு, புறங்கையில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் அந்தக் கையை மடக்காமல் நீட்டியபடியே வீட்டுக்குக் கிளம்பினாள்.

பள்ளி விடும் நேரத்துக்குத் திரும்பிய ஸ்டெல்லா அவளை வாசலில் பார்த்தார்.

"டீச்சர், எனக்கு நட்சத்திரம்."

"எதுக்குடா தங்கம் குடுத்தாங்க?"

முத்தரசி சொல்ல வாயெடுத்து, உள்ளே நின்ற சாரைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லாமல் ஓடிவிட்டாள்.

ஸ்டெல்லா உள்ளே வந்தார். "சார், அவ எதுக்குன்னு எங்கிட்ட சொல்லல."

"அதுக்குத்தான் டீச்சர் நட்சத்திரமே," என்று சிரித்தார் அவர்.

"இது வேண்டாம் சார். நாளைக்குக் காலைல பிள்ளைங்ககிட்ட சொல்லிடுவோம், எதுவா இருந்தாலும் வந்து சொல்லலாம்னு."

"நீங்க ரொம்ப இடம் குடுத்துட்டீங்க டீச்சர். திங்கட்கிழமையிலிருந்து நான்தானே பாக்கணும். என் வழியில விடுங்க."

வயதில் பெரியவர். ஸ்டெல்லாவுக்கு மேலே பேச நாக்கு எழவில்லை. அன்று அவருக்குக் கால் வேறு வீங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை புளியங்கொட்டை வைத்து எண்ணும் நாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கைப்பிடி கொட்டை. காலையில் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார், விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லி.

"இதோ வந்துடுறேன் சார். பக்கத்துலயே இருந்து பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா போனார்.

அவர் வாசலைத் தாண்டியதும் பிள்ளைகள் சலசலத்தார்கள்.

"ஒண்ணு," என்றார் அருணகிரி சார். "ரெண்டு."

அமைதி. கரும்பலகைப் பக்கம் திரும்பி வட்டங்கள் வரையத் தொடங்கினார். பத்துப் பத்தாகக் கொட்டைகளை அடுக்குவதற்குப் படம். அழகாகத்தான் வரைந்தார். சாக்பீஸ் ஓசை தவிர ஒன்றும் இல்லை.

பின்னால் கொட்டைகள் சிதறும் சத்தம் கேட்டது.

"சிந்துனா சிந்தட்டும்," என்றார் திரும்பாமலே. "பிறகு பொறுக்கலாம். யாரும் அசையக் கூடாது."

யாரும் அசையவில்லை.

ஒரு பெஞ்சு கடகடவென்று ஆடியது. அதுவும் நின்றது. இன்னும் ஒரு வரிசை வட்டம் பாக்கி இருந்தது. அதை வரைந்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் உதட்டிலும் விரல் இருந்தது. முதலில் அவர் கண்ணில் பட்டது அதுதான், முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்புறம்தான் பிள்ளைகள் தன்னைப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. எல்லாக் கண்களும் சன்னல் ஓரத்தில் இருந்தன. ரீகன் அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல். நஸ்ரினின் தோள் குலுங்கியது. முத்தரசியின் கண்ணீர் வழிந்து விரலில் இறங்கியது. அந்த விரலுக்குக் கீழே, புறங்கையில் சிவப்பு நட்சத்திரம்.

அவள் பக்கத்தில் பிரதீபன் பெஞ்சின் மேல் குப்புறச் சாய்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

அருணகிரி சாருக்குக் கால் நகரவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தனை வருடம் வகுப்பில் நின்ற மனிதர் கையில் சாக்பீசோடு அப்படியே நின்றார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா ஓடி வந்தார். அந்த வயிற்றோடு ஓடி வந்தார். பையனைத் தூக்கித் தொடையின் மேல் தலைகீழாகச் சாய்த்து, முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி அடித்தார். மறுபடி அடித்தார். மறுபடியும். அந்த அறையில் அந்த அடி விழும் ஓசையைத் தவிர வேறு ஓசையே இல்லை.

கொட்டை தெறித்துத் தரையில் விழுந்தது.

பிரதீபன் மூச்சை இழுத்தான். இருமினான். பிறகு பெரிய குரலெடுத்து அழுதான். ஸ்டெல்லா அவனைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அருணகிரி சாருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "எப்படி டீச்சர்... உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒண்ணாங்கிளாஸ்ல சத்தம் இல்ல சார்," என்றார் ஸ்டெல்லா, மூச்சு வாங்க. "பேனாவ அப்படியே போட்டுட்டு வந்தேன்."

அழுகை கொஞ்சம் அடங்கியது. டீச்சரின் மடியில் கிடந்த பிரதீபன் சாரைப் பார்த்தான். மெல்லக் கையைத் தூக்கினான். விரலை உதட்டில் வைத்துக்கொண்டான்.

ஸ்டெல்லா சுற்றிலும் பார்த்தார். ஒருவர் கூட விரலை எடுத்திருக்கவில்லை.

"எடுங்கடா. கைய எடுங்க கண்ணுங்களா."

பிள்ளைகள் டீச்சரைப் பார்த்தார்கள். பிறகு சாரைப் பார்த்தார்கள்.

அவர்தான் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. இருபத்து மூன்று விரல்களும் காத்திருந்தன. இரண்டாம் முறையும் காற்றுதான் வந்தது.

"எடு," என்றார் கடைசியில். "எடுங்க. எடுத்துடுங்க."

அறை வெடித்தது போல் ஆயிற்று. எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சார், அவன் கொட்டையச் சப்பினான் சார். சார், அவன் கண்ணு பெருசாச்சு சார். சார், அவன் பெஞ்ச ஆட்டினான் சார். நான் பாத்தேன் சார். நானும் பாத்தேன் சார்.

முத்தரசி மட்டும் பேசவில்லை. அவர் அவள் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பாத்தியாம்மா?"

தலையசைத்தாள்.

"முதல்லயே பாத்தியா?"

அதற்கும் தலையசைத்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா கோள் சார்."

அவள் கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து போயிருந்தது. நட்சத்திரம் பாதி போயிருந்தது. மீதி போகவில்லை.

பிரதீபனைத் தலைமையாசிரியை தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மார்பில் ஒன்றும் தங்கவில்லை, பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் அவன் அம்மா உப்பளத்திலிருந்து நேராக ஓடி வந்தாள். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. மகனைத் தடவிப் பார்த்தாள். பிறகு அருணகிரி சாரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நல்லவேளை சார் நீங்க கிளாஸ்ல இருந்தீங்க. நீங்க மட்டும் இல்லன்னா..."

ஸ்டெல்லா அவரைப் பார்த்தார்.

"நான் இருந்தேம்மா," என்றார் அருணகிரி சார். "இருந்ததாலதான் இப்படி ஆச்சு. பிள்ளைங்க எல்லாரும் பாத்தாங்க. பேசக் கூடாதுன்னு நான் வாய அடைச்சு வச்சிருந்தேன். காப்பாத்துனது டீச்சர்."

அவள் கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவ்வளவு பெரிய பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு உப்பளச் சாலையில் நடந்து போனாள்.

பள்ளி விட்டது. பிள்ளைகள் டீச்சரின் வயிற்றைத் தொட்டுத் தொட்டு டாட்டா சொல்லிவிட்டுப் போனார்கள். இருவரும் குனிந்து புளியங்கொட்டைகளைப் பொறுக்கினார்கள். ஸ்டெல்லாவால் குனிய முடியவில்லை, அதனால் பெரும்பாலும் அவரே பொறுக்கினார்.

"நேத்தே நான் அந்த நட்சத்திரத்த அழிச்சிருக்கணும்," என்றார் ஸ்டெல்லா. "பெரியவராச்சேன்னு பேசாம இருந்துட்டேன். நானும்தான் சார் வாயில விரல் வச்சிருந்தேன்."

அருணகிரி சார் தலை நிமிரவில்லை. கொட்டைகளை டப்பாவில் போட்டு மூடினார்.

"திங்கட்கிழமை ஒண்ணு கேட்டீங்க டீச்சர். இவங்க படிக்காத நேரம் எதுன்னு."

"ஆமா சார்."

"அப்படி ஒரு நேரம் இல்ல."

ஸ்டெல்லா அலமாரியைப் பூட்டினார்.

"வேற யாரையாவது போடச் சொல்லுங்க டீச்சர். என்கிட்ட இவங்கள விட்டுட்டுப் போகாதீங்க. அந்த விரல நான் எப்படி எடுப்பேன்? வாயத் திறந்தா என்ன கத்துக்குவாங்களோன்னு இருக்கு, மூடினா என்ன கத்துக்குவாங்களோன்னு இருக்கு." அவர் கையை விரித்தார். "எனக்குப் பயமா இருக்கு."

ஸ்டெல்லா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அலமாரிச் சாவியை அதில் வைத்தார்.

"திங்கட்கிழமை வந்தப்ப உங்களுக்குப் பயமே இல்ல சார். அதப் பாத்துத்தான் நான் பயந்தேன்."